பெயரளவுக்கு இருந்த சட்டப்பள்ளியில் படித்தவள் எழுதுகிறேன்

நேற்று எங்கள் சட்டப்பள்ளியின் ஆண்டு விழா மேடையில் ஒருவர் பேசியதை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். "ஆரம்பத்தில் இது பெயரளவுக்குத்தான் சட்டப்பள்ளி, இப்போதுதான் நிஜமாகியிருக்கிறது" என்ற அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. நான் அதன் முதல் பேட்ச்.

எங்களுக்கு சீனியர் கிடையாது. பழைய வினாத்தாள் கிடையாது. எந்த வக்கீலிடம் போனால் வேலை கற்றுத் தருவார் என்று சொல்ல ஆள் கிடையாது. பார் கவுன்சில் விதிப்படி ஐந்து வருடப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் முடித்தாக வேண்டும். போன இடத்திலெல்லாம் "அப்படி ஒரு லா காலேஜ் இருக்கிறதா?" என்றுதான் கேட்டார்கள். அந்தப் பெயரை விளக்கி விளக்கி நிலைக்க வைத்தது நாங்கள்.

வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றமான மூட் கோர்ட்டுக்கு அறை இல்லை. மாலையில் வகுப்பு மேசைகளைத் திருப்பிப் போட்டு நடத்தினோம். எங்கள் அரசியலமைப்புச் சட்ட மேடம்தான் நீதிபதி. நூலகத்தில் தீர்ப்புகள் அச்சாகும் ஏ.ஐ.ஆர். தொகுதிகள் பாதிகூட இல்லை என்பதால், தீர்ப்பு படிக்க நீதிமன்ற பார் நூலகத்துக்கு அவரே கூட்டிப் போவார். இது பெயரளவா?

வசதி குறைவு உண்மைதானே என்பீர்கள். உண்மைதான். ஒப்பந்தச் சட்டம் எடுத்தவர் பாதியில் விட்டுப் போனார், இரண்டு மாதம் நாங்களே படித்தோம். வசதி இல்லை என்பதும் படிப்பு இல்லை என்பதும் ஒன்றா? முடித்ததும், பெரிய பெயருள்ள கல்லூரிக்காரர்கள் எழுதும் அதே அகில இந்திய பார் தேர்வை, வக்கீல் தொழில் செய்வதற்கான தேர்வைத்தான் நாங்களும் எழுதித் தேறினோம்.

பெங்களூரு தேசியச் சட்டப்பள்ளியும் 1988இல் வகுப்பு தொடங்கியபோது சீனியர் இல்லாத இடம்தான். 1993இல் வெளியே வந்த அதன் முதல் பேட்ச்சை யாரும் பெயரளவு என்பதில்லை. அதோடு ஒப்பிடுவதா என்று ஒருவர் நிச்சயம் வருவார். தரத்தை ஒப்பிடவில்லை ஐயா, தொடக்கத்தைச் சொல்கிறேன்.

அப்புறம், மேடைப் பேச்சைப் பெரிதாக்குகிறாய் என்பவர்களுக்கு: ஆமாம், பெரிதாக்குகிறேன். ஐந்து வருடத்தை ஒரு வரியில் அழித்தால் வேறென்ன செய்ய?

என்னைச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மேடம் ஓய்வுபெற்றுவிட்டார். நேற்று நன்றி சொன்னவர்கள் பட்டியலில் கட்டடம் கட்டிய கான்ட்ராக்டர் இருந்தார், மேடம் இல்லை. இரவு போன் செய்தேன். விழாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உன் அப்பீல் அட்மிட் ஆயிடுச்சாம்மா?" என்றுதான் கேட்டார்.