"மலை பெய்தது" என்று சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை இங்கே மொரிஷியஸில் ஆசிரியர் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். "மலை பெய்தது" என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், கண்ணீர் வரச் சிரிக்கும் ஐந்து மஞ்சள் முகங்கள், கீழே "இதுதான் போன் கற்றுத்தரும் தமிழ்" என்று ஒரு வாசகம். நாலு நாள் பேசாமல் இருந்தேன். இன்று பேசிவிடுகிறேன்.

அந்த வரியை எழுதியது என் மாணவி, கிரேடு 9. புரொஜெக்டரில் காட்டியது நான். ஏன் காட்டினேன் என்று யாரும் கேட்கவில்லை. கூகுள் டாக்ஸில் ஒரு பிள்ளை எழுதினால், அடித்தது, அழித்தது, மறுபடி எழுதியது எல்லாம் தேதியோடும் நேரத்தோடும் பதிவாகியிருக்கும். அவள் முதல் வடிவத்திலிருந்து ஏழாவது வடிவத்துக்கு எப்படிப் போனாள் என்று காட்டத்தான் கொண்டுவந்தேன். முதல் வடிவத்துக்கு மூன்று போன்கள் மேலே எழுந்தன. ஏழாவதைத் திறந்தபோது தேநீர் வந்துவிட்டது. அறையில் பாதிப் பேர் சமூசாத் தட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

அதனால் இங்கே எழுதுகிறேன். அவள் எழுதியது 2024 ஜனவரி 15, பெலால் புயல் நாளைப் பற்றி. முதல் வடிவம் மொத்தமே இவ்வளவுதான்: "மலை பெய்தது. தண்ணீர் வந்தது. கார்கள் போயின. நான் பயந்தேன்." நான் ஓரத்தில் கேள்வி போட்டேன். எந்தக் கார்? நீ எங்கே நின்றாய்? அம்மா எங்கே? இரவு ஒன்பது மணிக்கு மேல் அவள் திறந்து பதில் எழுதியிருப்பாள். மறுநாள் நான் இன்னொன்று கேட்பேன். ஏழாவது வடிவத்தில் ஓர் இடம் இது: "நான் மாடியில் நின்றேன். சிவப்புக் கார் பின்பக்கமாகப் போனது. அதன் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அம்மா நடந்து வந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது."

பதினேழு வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் மட்டுமே பேசும் பிள்ளைகளுக்கு. அந்த ஒற்றைச் செருப்பைப் போல ஒரு வரி எந்த நோட்டுப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

மலை எப்படி வந்தது என்று தெரியவேண்டுமா? போனில் எம்-ஏ-எல்-ஏ-ஐ என்று தட்டினாள், மலை வந்தது. மழைக்கு இசட்-எச் போடவேண்டும் என்று அவளுக்கு அப்போது தெரியாது. நான்காவது வடிவத்தில் அது மழையாகிவிட்டது. நான் திருத்தவில்லை. கூடப் படிக்கும் பையன் ஓரத்தில், "லெ பூஸ் மலையா விழுந்தது?" என்று போர்ட் லூயிஸ் பக்கத்து மலையைச் சொல்லிக் கேட்டிருந்தான். அவனும் சிரித்தான்தான். ஆனால் அவளிடமே சொல்லிச் சிரித்தான். ல, ள, ழ மூன்றையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு நான் தொண்டை வற்றக் கத்திய வருடங்கள் உண்டு. அந்த ஒரு கேள்வி செய்த வேலையை அது செய்ததில்லை. (அன்று தலைநகர் போர்ட் லூயிஸில் நின்றவர்களைக் கேட்டால், மலைதான் பெய்தது என்றே சொல்வார்கள். அது வேறு.)

எழுதுவது என்றால் திருப்பி எழுதுவது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். நோட்டில் மூன்று முறை அடித்து எழுதினால் "அசிங்கமாக இருக்கிறது" என்று நாமே மார்க் குறைக்கிறோம். அதனால் பிள்ளை என்ன செய்யும்? தப்பு வராத வாக்கியமாகப் பார்த்து, மனப்பாடம் செய்ததை இறக்கிவைக்கும். நானும் அப்படித்தான் படித்தேன். பசு, காவடித் திருவிழா, நம் தீவு, மூன்று கட்டுரைகள். பரீட்சையில் "கடற்கரையில் ஒரு நாள்" என்று கேட்டார்கள். கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு பசுவைப் பார்த்ததாக எழுதி, மீதியெல்லாம் பசுவைப் பற்றியே எழுதினேன். நல்ல மார்க் வந்தது. அந்தத் தமிழைப் பார்த்து யாரும் படம் எடுக்கவில்லை.

"டீச்சர், கையெழுத்து செத்துப்போகும்" என்கிறார்கள். என் வகுப்பில் வாரம் இரண்டு நாள் பேனாதான். பரீட்சையும் பேனாவில்தான். எனக்குத் தெரியாதா? கையால் எழுதாமல் தமிழ் எழுத்து விரலில் ஏறாது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் போனில் யோசித்துத் திருத்தி, பிறகு நோட்டில் எழுதுகிறார்கள். இதைக் கூட்டத்திலும் சொன்னேன். சமூசா.

"சாட்ஜிபிடி எழுதித் தந்துவிடும்" என்பது அடுத்தது. தரும். ஒருவன் வாங்கியும் வந்தான். பதிவைத் திறந்தால் தெரிகிறது, இரவு 8:12-க்கு முன்னூறு சொல் ஒரே அடியாக வந்து உட்கார்ந்திருக்கிறது, ஓர் எழுத்துகூட அழிக்கப்படவில்லை. "எரிமலைச் சீற்றத்தால் உருவான எழில்மிகு தீவு" என்று தொடங்குகிறது. வாசி கண்ணா என்றேன். "எழில்மிகு"வில் நின்றுவிட்டான். அவனைத் திட்டவில்லை. இன்று காலை என்ன சாப்பிட்டாய், அதை எழுது என்றேன். தால் பூரியைப் பற்றி நாலு வரி எழுதினான், நாலிலும் பிழை. நாலும் அவனுடையவை. அந்த நாலு வரியைத் திருப்பி எழுத வைத்தேன். இங்கேயும் அதே கதைதான், திருப்பி எழுதுவது.

எல்லாப் பிள்ளைகளிடமும் போன் இல்லையே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் வகுப்பிலும் இருவரிடம் இல்லை, என் பழைய போனையும் என் பையனுடையதையும் கொடுக்கிறேன். அது தீர்வில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் கேட்டவர் அந்த இரண்டு பிள்ளைகளுக்காகக் கேட்டாரா, என் வாயை அடைக்கக் கேட்டாரா என்பதும் எனக்குத் தெரியும்.

1998-ல் நம் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழின் வரிசையைக் கீழே தள்ளியபோது எப்படிக் கொதித்தோம்! அந்த நோட்டுகளைத் திரும்பப் பெறவைத்தோம். பெருமைதான், எனக்கும்தான். ஆனால் அந்த நோட்டில் இருக்கும் தமிழை நம் வீடுகளில் எத்தனை பேர் எழுத்துக்கூட்டியாவது வாசிப்பார்கள்? தைப்பூசத்துக்கு நாம் கையில் பிடித்துப் பாடும் பாட்டுப் புத்தகம் எந்த எழுத்தில் இருக்கிறது? என் அப்பாவினுடையது ரோமன் எழுத்தில்தான் இருந்தது, பிரெஞ்சு வாசிப்பதுபோல வாசித்துப் பாடுவார். 2020 மார்ச்சில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தபோது, பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான், ஒரு மாலை போனை அவர் வாயருகே பிடித்து, "ஏதாவது சொல்லுங்கள் அப்பா" என்றேன். "முருகா" என்றார். திரையில் முருகா என்று தமிழில் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது நான் சொன்னதா?" என்று கிரியோலில் கேட்டார். அப்புறம் என்னைக் கேட்டுக் கேட்டு, அதைப் பார்த்து ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினார். ரு-வின் சுழி வரவேயில்லை. பதினொரு முறை எழுதியிருக்கிறார், எண்ணினேன். அந்தக் காலண்டர் தாள் என்னிடம் இருக்கிறது, அப்பா இல்லை.

போன் தமிழைக் கொல்கிறது என்று என்னிடம் சொல்லாதீர்கள். வேறு யாரிடமாவது போய்ச் சொல்லுங்கள்.

அந்தப் பெண் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். படம் அவளுக்கும் போய்விட்டது. இந்தத் தீவில் எது போகாது? திங்கட்கிழமை வந்து, "மிஸ், அடுத்த வருஷம் தமிழை விட்டுவிடலாமா?" என்று கேட்டாள். நேற்று இரவு 9:20-க்கு அவள் பக்கத்தைத் திறந்தாள், நானும் திறந்துதான் வைத்திருந்தேன். அவள் பெயரோடு அந்த நீலக் கோடு "ஒரு காலில்" என்ற இடத்தில் நின்று மினுக்கிக்கொண்டே இருந்தது. ஓர் எழுத்தும் வரவில்லை. 9:40-க்கு மூடிவிட்டாள்.

அந்தக் குழுவில் இருக்கும் பெரியவர்களே, உங்களுக்கு வாதத்தில் ஜெயிக்கவேண்டும் என்றால் ஜெயித்துக்கொள்ளுங்கள். படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் ஐயா. இன்று காலைகூடப் பார்த்தேன், இன்னும் அங்கேயே இருக்கிறது. புதிதாக இரண்டு மஞ்சள் முகங்களும் சேர்ந்திருக்கின்றன.