இனத்தையும் பாலினத்தையும் பிரிக்க முடியாது

லண்டன் நகரக் காவல்துறையான மெட்ரோபாலிட்டன் போலீஸ் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை இனவெறியைத் தனியாகவும் பெண் வெறுப்பைத் தனியாகவும் பேசுகிறது, அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. 2020 டிசம்பரில் லண்டனின் ஹாக்னி பகுதியில் ஒரு 15 வயது கறுப்பினச் சிறுமியை, கஞ்சா வைத்திருப்பாள் என்ற வெறும் சந்தேகத்தில், பள்ளிக்கூடத்துக்குள்ளேயே, அதுவும் மாதவிடாய் நாளில், அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் பெண் போலீசார் ஆடையைக் களைந்து சோதித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரச் சிறுமிக்கு இப்படி நடந்திருக்குமா? கறுப்பினப் பிள்ளைகளைப் பெரியவர்களாகப் பாவிக்கும் போக்கு இதில் இருந்தது என்று 2022இல் வந்த ஆய்வறிக்கையே சொல்கிறது.

2020 ஜூனில் லண்டனில் கொலையான இரண்டு கறுப்பினச் சகோதரிகளின் உடல்களை, காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களே படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், அப்புறம் சிறைக்கும் போனார்கள். சரி, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 1993இல் லண்டனில் இனவெறியர்களால் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் கொலை விசாரணை பற்றிய மெக்பர்சன் அறிக்கை 1999இல் சொன்ன போலீஸ் இனவெறியையே 2023இல் இதே போலீசை ஆராய்ந்த லூயிஸ் கேசி அறிக்கையும் சொன்னது, கூடவே பெண் வெறுப்பையும் தன்பால் ஈர்ப்பினர் மீதான வெறுப்பையும் சேர்த்து. போலீஸ் மீதான புகாரை விசாரிக்கும்போதே இனம், பாலினம், வயது எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துத்தான் பார்க்க வேண்டும்.