மனுசன சாப்பிடுற மரம்னு வர்ற ஃபார்வர்ட் உண்மையா?

"வினோத மரங்கள்"னு ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு, அதுல மடகாஸ்கர்ல ஒரு மரம் கோவம் வந்தா கிளையால ஆள சுருட்டி முழுங்கிடும்னு போட்ருக்காங்க. அது பொய்ங்க. அப்படி ஒரு மரமே கிடையாது. இந்த கதை 1874ல நியூயார்க் வேர்ல்ட்ங்கிற பேப்பர்ல வந்த கட்டுக்கதை, யாரோ ஒரு ஆராய்ச்சியாளர் நேர்ல பாத்தாருன்னு எழுதிட்டாங்க, மத்த பேப்பர்லாம் அப்படியே எடுத்து போட்டுச்சு, அந்த காலத்து ஃபார்வர்ட்தான் இதுவும். 1955ல வில்லி லேங்கிற அறிவியல் எழுத்தாளர் தோண்டிப் பாத்து, மரம், அத கும்பிட்டதா சொன்ன பழங்குடி எல்லாமே கற்பனைன்னு எழுதிட்டாரு.

மடகாஸ்கர்ல நெஜமா இருக்குறது குடுவைத் தாவரம், அதுல எறும்பு மாதிரி பூச்சிதான் விழுந்து மாட்டும், உங்க சுண்டுவிரல கூட ஒண்ணும் பண்ணாது.

அதே லிஸ்ட்ல இருக்குற ஸ்பகெட்டி (நூடுல்ஸ் மாதிரி ஒரு சாப்பாடு) காய்க்கிற மரமும் 1957 ஏப்ரல் 1 அன்னிக்கு பிபிசி பண்ண குறும்பு, தேதிய பாத்தாலே புரிஞ்சிருக்கணும்.

எந்த செடி பேரு வந்தாலும் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவோட 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்'ங்கிற வெப்சைட்ல ஃப்ரீயா தேடிப் பாக்கலாம். படிச்சு சிரிச்சுக்கோங்க, ஆனா உண்மைன்னு சொல்லி அடுத்த குரூப்புக்கு தட்டி விடாதீங்க ப்ளீஸ்.