மகளிர் குழுவும் வாரத் தவணையும் ஒன்றல்ல

"தருமபுரி பக்கம் மகளிர் குழு எல்லாம் மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள் கொண்டுவந்தது, வட்டி முழுக்க வெளியே போகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியதே தருமபுரி மாவட்டத்தில்தான், 1989-ல், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட் நிதியுதவியோடு. கிருஷ்ணகிரியும் அப்போது அதே மாவட்டம், 2004-ல்தான் பிரிந்தது.

குழுவில் முதலில் சேமிப்பு, பிறகுதான் கடன். மாதாமாதம் சந்தா கட்டுவார்கள். யாருக்கு எவ்வளவு என்று கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். ஒருத்திக்குப் பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், இன்னொருத்திக்கு ஆட்டுக்குட்டி. யாருக்கு முந்தி என்று சண்டையும் அங்கேயே நடக்கும். அந்த உள்கடனின் வட்டி குழுக் கணக்கிலேயே சேரும், அது உறுப்பினர்களின் பணம். பேங்க் கடன் அப்புறம்தான், ஆறு மாதமாவது ஒழுங்காக நடந்த பிறகு.

அவர் சொல்வது கூட்டுப் பொறுப்புக் குழு, அதாவது ஒருத்தி கடனுக்கு மற்றவர்களும் பொறுப்பேற்று மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியில் வாங்குவது. கம்பெனி ஆள் வந்து வாரத் தவணை வசூலிப்பார், வட்டி கம்பெனிக்குப் போகும். ஒரே வீட்டில் இரண்டு கடனும் இருப்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மகளிர் குழுவில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. குழுவை நடத்தும் ஊக்குநர் வருடக்கணக்கில் மாறாவிட்டால் நோட்டு அவர் வீட்டு பீரோவை விட்டு வெளியே வராது.