தன்ராஜ் பிள்ளையிடம் ஒலிம்பிக் தங்கம் இல்லை

"இந்தியாவுக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த தமிழர் தன்ராஜ் பிள்ளை" என்ற செய்தி சிங்கப்பூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. அவர் ஹாக்கி வீரர்; ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா கடைசியாகத் தங்கம் வென்றது 1980இல். தன்ராஜ் இந்திய அணிக்குள் வந்ததே 1989இல்.

1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் ஆடினார், பதக்கம் கிட்டவில்லை. 2000 சிட்னியில்தான் மனசு வலிக்கிறது: போலந்தை 1-0 என முந்தியிருந்த இந்தியா, ஆட்டம் முடியும் தறுவாயில் கோல் வாங்க, ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிந்தது. வென்றிருந்தால் அரையிறுதி.

குழப்பத்துக்குக் காரணம் 1998 பாங்காக் ஆசிய விளையாட்டு. தன்ராஜ் தலைமையில் இறுதியாட்டத்தில் தென்கொரியாவைப் பெனால்டியில் வீழ்த்தி, ஆண்கள் ஹாக்கியில் 1966க்குப் பிறகு முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம் வந்தது. செய்தியை அனுப்பியிருந்தால் 'ஒலிம்பிக்' என்பதை '1998 ஆசிய விளையாட்டு' என்று திருத்தி, அதே குழுவில் மறுபடி போடுங்கள்.