வெதுவெதுப்பு என்றால் பாட்டுச் சத்தம் குறைவதா?
பைபிளின் வெளிப்படுத்தின விசேஷம் 3-ல், இன்றைய துருக்கியில் இருந்த லவோதிக்கேயா ஊர்ச் சபைக்கு, 'நீ குளிருமல்ல, அனலுமல்ல, வெதுவெதுப்பாயிருக்கிறாய்' என்று கிறிஸ்துவின் கடிதம் வருகிறது. நான் வாசித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர், அந்த வெதுவெதுப்பை ஆராதனையில் உற்சாகம் குறைந்ததாகச் சுருக்கிவிட்டார். அந்தக் கடிதத்தில் ஆராதனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 'எனக்கு ஒரு குறைவுமில்லை' என்ற மனநிலைதான் அங்கே குற்றச்சாட்டு. கி.பி. 60-ல் பூகம்பத்தில் இடிந்தபோது, ரோமின் உதவியில்லாமல் சொந்தப் பணத்திலேயே எழுந்த ஊர் அது. அந்த மிதப்பு சபைக்குள்ளும் புகுந்திருக்கும் என்பது என் எண்ணம். அதே கடிதத்தில், அந்தச் சபையின் வாசலுக்கு வெளியே நின்று தட்டுகிறவர் கிறிஸ்து! (இந்த வசனத்தை நாமோ அவிசுவாசிகளுக்குத்தான் சொல்கிறோம்.)

மத்தேயு 25-ல் வரும் உவமையில், எஜமான் ஒப்படைத்த தாலந்தை (பணத்தை) மண்ணில் புதைத்த வேலைக்காரன் திருடவில்லை. அப்படியே திருப்பிக் கொடுத்தான். ஒன்றும் செய்யாமலிருந்ததற்காக அவனிடமும் கணக்குக் கேட்கப்பட்டது. நான் ஒரு ஞாயிறும் தவறுவதில்லை. பக்கத்து வீட்டு முதியவரை நலம் விசாரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை.