கோட்டைக்குள்ளே நடந்த கொள்ளை

இடைக்கால இங்கிலாந்தின் கோட்டைகள் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதில் மதில், அகழி, முற்றுகை எல்லாம் வந்துவிட்டன. உள்ளே உட்கார்ந்து கல்லா கட்டிய அதிகாரிகளைத்தான் காணோம்!

ஷெரிஃப் என்றால் மன்னர் சார்பில் மாவட்டத்தில் நிர்வாகமும் வசூலும் பார்த்த அதிகாரி. இவர்களில் பலர் பதவியைக் குத்தகை மாதிரி எடுத்தவர்கள். அரசுக் கருவூலத்துக்கு ஒரு நிலையான தொகை. மேலே வசூலிப்பதில் பெரும்பகுதி சொந்தப் பையில். தேனை எடுப்பவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? இவர்கள் குடத்தையே தூக்கிப் போனார்கள்.

மன்னரின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்ட உரிமைச் சாசனமான 1215 மேக்னா கார்ட்டாவின் 28வது பிரிவைப் படித்துப் பாருங்கள். கோட்டைக் காவல் அதிகாரி யாருடைய தானியத்தையும் எடுத்தால் உடனே காசு கொடுக்க வேண்டுமாம். இதைச் சட்டமாகவே எழுதினார்கள் என்றால் எவ்வளவு மூட்டை ஓசியில் உள்ளே போயிருக்கும்! 1225 பதிப்பில் உள்ளூர்க்காரர் பொருளுக்கு 40 நாள் தவணை வேறு கொடுத்துவிட்டார்கள்.

50வது பிரிவு நாட்டிங்ஹாம் ஷெரிஃப் பிலிப் மார்க்கைப் பெயர் சொல்லியே நீக்கச் சொல்கிறது. மனிதர் 1224 வரை நாற்காலியை விடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 1274இல் மன்னர் முதலாம் எட்வர்ட் அதிகாரிகள் மீது நடத்திய விசாரணை. ஊர் ஊராக ஜூரிகளிடம் (சத்தியம் செய்து பதில் சொன்ன உள்ளூர்க்காரர்களிடம்) கேட்ட கேள்விகளில் இரண்டு: கோட்டை மராமத்துக்கு ஆன செலவைவிடக் கூடுதலாகக் கணக்கு எழுதினார்களா? அதற்கு வாங்கிய கல்லையும் மரத்தையும் சொந்த வேலைக்குக் கொண்டுபோனார்களா? நம்ம ஊர் ஒப்பந்த வேலை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.